தொட்டி உடையும்போது கீழே நிற்பவர்கள்

1

2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடிகாலை 5 மணி 43 நிமிடம். பெர்லின் நகரத்தின் மத்தியில், கார்ல் லீப்னெக்ட் தெருவை ஒட்டிய ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில் இருந்த மீன்தொட்டி உடைந்தது. மீன்தொட்டி என்றதும் வீட்டில் மேசைமேல் வைத்திருக்கிற சாமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்து லட்சம் லிட்டர் உப்புநீர். பதினோரு மீட்டர் விட்டம். நாலு மாடி உயரம். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 மீன்கள். உருளை வடிவத் தொட்டிகளில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் பதிவில் ஏறியது. பெயர் அக்வாடோம். ஜெர்மனில் 'டோம்' என்றால் பேராலயம். பெர்லின் பேராலயம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. இது தண்ணீர்ப் பேராலயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. தண்ணீர் கதவு ஜன்னல்களைப் பெயர்த்து, மேசை நாற்காலிகளை வாரிக்கொண்டு தெருவில் போய் விழுந்தது. வெளியே கடும் உறைபனி. தொட்டிக்குள் வெப்பமண்டலக் கடலின் வெதுவெதுப்பில் வளர்க்கப்பட்ட மீன்களில் அநேகமாக எல்லாமே செத்தன. அடித்தொட்டியின் மிச்சத்தில் தேங்கிய நீரில் சில பிழைத்துக் கிடந்தன. ஓட்டலுக்குக் கீழே இருந்த சிறு தொட்டிகளின் மீன்களை, மின்சாரம் போய்விட்டதால், வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்களில் இருவருக்குக் காயம். முன்னூறுக்கும் மேற்பட்ட விருந்தினர்களை வெளியேற்றினார்கள்.

அன்றைக்கு பெர்லின் மேயராக இருந்த ஃபிரான்சிஸ்கா கிஃபை இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, இது ஒரு சுனாமி. இரண்டு, இது ஒரு மணி நேரம் கழித்து நடந்திருந்தால் பெரும் உயிர்ச்சேதம் ஆகியிருக்கும், அதிர்ஷ்டம். இரண்டும் மனிதாபிமானத்தோடு சொல்லப்பட்டவைதாம். ஆனாலும் இந்த இரண்டு சொற்களையும் நாம் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. சுனாமி என்றால் என்ன என்று 2004 டிசம்பருக்குப் பிறகு நம்மூர்க் கடற்கரையில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அது கடலுக்கு அடியில் நிலம் புரண்டதால் வந்தது. பெர்லினில் தண்ணீரைத் தூக்கி நிறுத்தியவன் மனிதன். டிக்கெட் போட்டு நிறுத்தியிருந்தான். அதைச் சுனாமி என்று சொன்ன உடனே விஷயம் இயற்கையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மிச்சமிருப்பது 'அதிர்ஷ்டம்'. யாருடைய அதிர்ஷ்டம், எந்தக் கடிகாரத்தின் அதிர்ஷ்டம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

முதலில் இடம். 1979 முதல் அங்கே நின்றது பலாஸ்ட் ஓட்டல். கிழக்கு ஜெர்மனி அந்நியச் செலாவணி சம்பாதிப்பதற்காகக் கட்டியது. மேற்கத்திய நாணயம் வைத்திருப்பவர்களுக்கான ஓட்டல். சோஷலிச நாட்டின் குடிமகன் கையில் இருந்த சொந்த நாட்டு மார்க்குக்கு அங்கே மரியாதை இல்லை. அரசின் ரகசியப் போலீசான ஸ்டாசி அங்கே தங்குகிறவர்களைக் கண்காணித்தது, ஒட்டுக் கேட்டது. சுவர் விழுந்து, நாடு சேர்ந்து, 2001இல் அந்த ஓட்டலை இடித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கிழக்கு ஜெர்மனியின் குடியரசு மாளிகையை 2006–2008இல் பிரித்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் பிரஷ்ய மன்னர்களின் அரண்மனை முகப்பைத் திரும்பக் கட்டினார்கள். இந்த அழிப்பு வேலைகளுக்கு நடுவே, 2003 டிசம்பரில், அக்வாடோம் திறக்கப்பட்டது. செலவு ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் யூரோ என்றார்கள். ஒரு அரசின் கண்காணிப்பு ஓட்டல் இருந்த இடத்தில் ஒரு சந்தையின் காட்சி ஓட்டல் வந்தது.

கண்காணிப்பு போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. பெந்தாமின் சிறைச்சாலைத் திட்டத்தைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிவார்கள். நடுவில் ஒரு கோபுரம், சுற்றி வட்டமாக அறைகள். கோபுரத்தில் இருப்பவன் எல்லாரையும் பார்க்கலாம், அவனை யாரும் பார்க்க முடியாது. அக்வாடோமில் நடுக்கோபுரம் ஒரு கண்ணாடி லிஃப்ட். தொட்டியின் உள் உருளைக்குள் ஏறி இறங்கும். காசு கொடுத்தவர் மீன்களுக்கு நடுவே மேலே போவார். சுற்றிலும் முன்கூடத்தைப் பார்த்த ஓட்டல் அறைகள். ஆக மீனுக்கு உள்ளேயும் கண், வெளியேயும் கண். பெந்தாமின் கைதிக்குக்கூட முதுகுப் பக்கம் ஒரு சுவர் இருந்தது.

பெர்லினில் பிறந்து வளர்ந்த வால்டர் பெஞ்சமின், தன் பிள்ளைப்பருவ நினைவுகளில் மிருகக்காட்சி சாலையின் நீர்நாயைப் பற்றி ஒரு சிறு பகுதி எழுதியிருக்கிறார். அந்தப் பிராணி அநேகமாக வெளியே தலைகாட்டாது. பையன் மழையில் நின்று காத்திருப்பான். கண நேரம் தெரிந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். பிராணிக்கு ஒளிந்துகொள்ள ஒரு பொந்து இருந்தது, பையனுக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்தது. நூறு வருஷம் கழித்து வந்த உருளைத்தொட்டி இந்த இரண்டையும் ஒழித்துவிட்டது. லிஃப்ட் சில நிமிடங்களில் ஏறி இறங்கியாக வேண்டும். அதற்குள் மீன் தெரிந்தாக வேண்டும்.

பெர்லினுக்கு மீன்காட்சி புதிதல்ல. 1869இலேயே ஆல்ஃபிரெட் பிரேம் உண்டர் டென் லிண்டன் தெருவில் ஒரு காட்சிசாலை திறந்தார். 1913இல் மிருகக்காட்சி சாலைக்குள் இன்னொன்று வந்தது. 1943 நவம்பர் குண்டுவீச்சில் அது அழிந்தது. ஆனால் அப்போது உடைத்தது எது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வானத்தில் விமானம் இருந்தது. 2022இல் வானத்தில் ஒன்றுமில்லை. நாசவேலைக்கான தடயம் எதுவும் இல்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது.

3

அப்ப உடைத்தது எது?

ஒரு தொட்டியின் சுவரைத் தள்ளுவது நீரின் உயரம். மொத்த நீரின் அளவு அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான். பத்து மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் பத்து டன் பாரம், பக்கவாட்டிலும் அதே பாரம். ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் இரண்டு யானைகளுக்கும் மேலான எடை, ராத்திரி பகல் ஓயாமல் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உருளை வடிவச் சுவர் அந்தத் தள்ளுதலைத் தன் சுற்றுவட்டத்தில் ஏற்கும். பீப்பாயின் இரும்புவளையம் இறுகிப் பிடிப்பது போல. எங்கே ஒட்டு இருக்கிறதோ அந்த ஒட்டும் அதே இழுவையைத் தாங்கியாக வேண்டும். அக்வாடோமின் வெளி உருளை நான்கு துண்டுகளாக வந்து பெர்லினில் ஒட்டப்பட்டது. உள் உருளை ஒரே துண்டு.

கண்ணாடி என்று சொன்னாலும் அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். ஏறத்தாழ ஒரு சாண் கனம். அக்ரிலிக் கண்ணாடியைவிட எளிதில் ஒட்டும், வளையும், கடலின் நிறத்தைக் கெடுக்காது. ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. தொடர்ந்த பாரத்தில் மெல்ல மெல்ல நெகிழும். நீரில் இருந்தால் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரை வடித்துக் காயவிட்டால் மேல்பரப்பு சுருங்கும். சுருங்கும் மேல்பரப்புக்கும் சுருங்காத உள்பகுதிக்கும் இழுபறி வரும். ஒரு சின்னக் கீறல் அந்த இழுபறியில் விரிசலாகி, விரிசல் ஒரு எல்லையைத் தாண்டினால், அப்புறம் கண்ணிமைக்கிற நேரம் போதும். இது இரும்பு போல வளைந்து முனகி எச்சரிக்கும் பொருள் இல்லை.

2019 கடைசியில் தொடங்கிய புதுப்பிப்பு வேலை 2022 கோடையில் முடிந்தது. அதற்காகத் தொட்டியை வடித்தார்கள். மறுபடி நிரப்பி அரை வருஷத்தில் உடைந்தது. கட்டிட உரிமையாளர் நியமித்த நிபுணர், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் பிளாஸ்டிக் துறைப் பேராசிரியர், துண்டுகளைச் சேகரித்து ஆராய்ந்து 2023 அக்டோபரில் அறிக்கை தந்தார். மூன்று சாத்தியங்கள். ஒட்டு விட்டிருக்கலாம். அடிப்பகுதியில் ஏற்பட்ட ஒரு வடுவிலிருந்து தொடங்கியிருக்கலாம். புதுப்பிப்பின்போது தொட்டி காய்ந்துபோய் மறுபடி நீரேறியது காரணமாக இருக்கலாம். மூன்றில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உடைந்த வேகத்தில் தடயமும் நொறுங்கிவிட்டது.

பேராசிரியரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்றார், அது அறிவியலின் நேர்மை. பிரச்சினை அந்த வாக்கியம் அறிவியலிலிருந்து கிளம்பிப் பத்திரிகைக்கும் நிர்வாகத்துக்கும் வந்து சேரும்போது நடக்கிற ரசவாதத்தில் இருக்கிறது. 'எது காரணம் என்று தெரியவில்லை' என்பது 'யாரும் காரணம் இல்லை' என்று வாசிக்கப்படுகிறது. மூன்று சாத்தியங்களையும் திரும்பப் பாருங்கள். ஒட்டியது ஒரு கை. வடு விழுந்திருந்தால் அங்கே ஒரு கருவி போயிருக்கும். காயவிட்டது ஒரு தீர்மானம். எந்தக் கை என்பதுதான் தெரியவில்லை. கையே இல்லை என்று அறிக்கை சொல்லவில்லை.

கை எங்கே என்று தேடிப்போனாலும் அகப்படாத மாதிரித்தான் ஏற்பாடு. கட்டிடம் ஒரு முதலீட்டு நிதி நிறுவனத்துடையது. ஓட்டல் நடத்துவது வேறொரு கம்பெனி. மீன்காட்சிக்கு டிக்கெட் விற்றது இன்னொரு கம்பெனி. தொட்டியைச் செய்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கம்பெனி. பழைய ஆலை முதலாளியை ஆலை வாசலில் போய்ப் பார்க்கலாம். இங்கே வாசல் எது?

4

தண்ணீர் பாய்ந்த தெருவின் பெயரை இன்னொரு முறை சொல்கிறேன்: கார்ல் லீப்னெக்ட் தெரு. லீப்னெக்டையும் ரோசா லக்சம்பர்கையும் பெர்லினில் வலதுசாரிப் படையினர் கொன்ற நாள் 1919 ஜனவரி 15. அதே நாள் நடுப்பகலில் அட்லாண்டிக்கின் மறுகரையில், பாஸ்டன் நகரத்தின் நார்த் எண்ட் பகுதியில் ஒரு தொட்டி உடைந்தது. இரண்டுக்கும் காரண காரிய உறவு ஏதும் கிடையாது, தேதிப் பொருத்தம்தான். ஆனால் பெர்லின் தொட்டியின் முன்னோரைத் தேடுகிறவனுக்கு அந்தத் தெருப்பலகையே வழிகாட்டுகிறது.

பாஸ்டன் தொட்டியில் இருந்தது மொலாசஸ், அதாவது கரும்பாலைக் கழிவுப்பாகு. கரீபியன் தீவுகளின் கரும்புக் காடுகளிலிருந்து கப்பலில் வரும். அதைப் புளிக்கவைத்துத் தொழிற்சாலை ஆல்கஹால் எடுப்பார்கள். முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துக்கு அது வேண்டியிருந்தது. யுத்த லாபம் காத்திருக்குமா? 1915இல் அவசர அவசரமாக 50 அடி உயரம், 90 அடி விட்டத்தில் இரும்புத் தொட்டி எழுந்தது. மேற்பார்வை பார்த்தவர் கணக்கு வழக்குப் பார்க்கிற ஆள், பொறியாளர் இல்லை. முழுக்க நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டிய தொட்டியில் ஆறு அங்குலம் நீர் விட்டுப் பார்த்து, சரி என்றார்கள். முதல் நாளிலிருந்தே கசிந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தகரக் குவளை கொண்டுவந்து வடிகிற பாகைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கம்பெனி என்ன செய்தது? தொட்டிக்குப் பாகின் நிறத்தில், பழுப்பு வண்ணம் அடித்தது. கசிவு தெரியாதில்லையா!

நார்த் எண்டில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியக் கூலித் தொழிலாளர்கள். அந்த இடத்தில் தொட்டி கட்டியபோது எதிர்த்துக் குரல் எழுப்ப அவர்களிடம் ஓட்டோ நாக்கோ இல்லை. 1919 ஜனவரி 15 பகல் சாப்பாட்டு நேரத்தில், ஏறத்தாழ 23 லட்சம் கேலன் பாகு 25 அடி உயர அலையாகக் கிளம்பியது. 21 பேர் செத்தார்கள். 150 பேர் காயம்பட்டார்கள். செத்தவர்களில் பத்து வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கம்பெனி உடனே ஒரு கதை சொன்னது: அராஜகவாதிகள் குண்டு வைத்துவிட்டார்கள். இத்தாலியன் என்றாலே குண்டு என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். சாக்கோவும் வான்செட்டியும் கைதாக இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. கொல்லப்பட்டவர்களின் இனத்தையே கொலைகாரர்களாகக் காட்டுகிற இந்தக் கதையாடல் நமக்கும் பழக்கமானது. ஆனால் இந்த முறை அது எடுபடவில்லை. 119 வழக்குகள் போடப்பட்டன. எல்லாவற்றையும் சேர்த்து வருஷக்கணக்காக விசாரணை நடந்தது. தொட்டியில் வேலை பார்த்தவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள், உலோக நிபுணர்கள் என்று சாட்சிகள் வந்தார்கள். ஹியூ ஆக்டன் என்ற விசாரணை அதிகாரி 1925இல் தீர்ப்புச் சொன்னார்: குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை, தொட்டி பலவீனமானது, கம்பெனிதான் பொறுப்பு. இழப்பீடு 6,28,000 டாலர். இந்த நிகழ்வை ஒட்டித்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கட்டுமான வரைபடங்களில் பொறியாளர் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்ற சட்டம் வந்தது. ஒரு வரைபடத்தின் மூலையில் இருக்கிற அந்த முத்திரையை வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைக்கிறோம். நார்த் எண்டின் 21 சாவுகள் அதற்குள் இருக்கின்றன.

5

இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போவோம். லண்டன், 1814 அக்டோபர் 17. டாட்டனம் கோர்ட் சாலையில் மியூ கம்பெனியின் மது ஆலை. அந்தக் காலத்து லண்டன் மது ஆலைகளுக்குள் யாருடைய தொட்டி பெரிது என்ற போட்டி இருந்தது. பெரிய தொட்டி என்பது சேமிப்பு மட்டுமில்லை, விளம்பரமும்கூட. உடைந்த மரத்தொட்டி 22 அடி உயரம். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அதன் இரும்புவளையங்களில் ஒன்று கழன்று விழுந்தது. 700 பவுண்டு எடையுள்ள வளையம். பார்த்தவர் கிடங்குக் குமாஸ்தா ஜார்ஜ் கிரிக். மேலே சொன்னார். ஒன்றும் ஆகாது, பிறகு சரிசெய்யலாம், ஒரு கடிதம் எழுதிப் போடு என்றார்கள். எழுதினார். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டி வெடித்தபோது கடிதம் அவர் கையிலேயே இருந்தது.

ஆலைக்குப் பின்னால் செயின்ட் கைல்ஸ் சேரி. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் நிலத்தடி அறைகளில் குடியிருந்தார்கள். மது அலை சுவரை இடித்துக்கொண்டு அங்கே இறங்கியது. எட்டுப் பேர் செத்தார்கள். எட்டுப் பேரும் பெண்களும் குழந்தைகளும்தான். அதில் சிலர், முந்தின நாள்களில் செத்துப்போன ஒரு குழந்தையின் உடலைச் சுற்றி உட்கார்ந்து துக்கம் காத்துக்கொண்டிருந்தவர்கள். எல்லாரும் ஏன் பெண்களும் குழந்தைகளும்? சாயங்காலம் ஐந்தரை மணி. ஆண்கள் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. இதையும் 'நல்லவேளை' என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும்.

இரண்டு நாளில் மரண விசாரணை முடிந்தது. தற்செயலாக, விபத்தாக, துரதிர்ஷ்டத்தால் நேர்ந்தது என்று தீர்ப்பு. யாரும் பொறுப்பில்லை. கம்பெனிக்கு என்ன ஆச்சு? கொட்டிப்போன மதுவுக்கு ஏற்கெனவே கட்டிய கலால் வரியை நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் போட்டுத் திரும்பப் பெற்றது. செத்தவர்களுக்கு ஊரார் போட்ட காசுதான்.

6

மூன்று தொட்டிகள். 1814, 1919, 2022. உள்ளே இருந்தவை மது, பாகு, மீன். சரக்கு எதுவானாலும் தொட்டியைப் பெரிதாக்கியது ஒரே ஆசை: இன்னும் கொஞ்சம் அதிகம், மற்றவனைவிடப் பெரியது. உடைந்த பிறகு சொல்லப்பட்டவையும் ஒரு வரிசையில் வருகின்றன. லண்டனில் துரதிர்ஷ்டம், பாஸ்டனில் அராஜகவாதி, பெர்லினில் அதிர்ஷ்டம். லண்டனின் துரதிர்ஷ்டமும் பெர்லினின் அதிர்ஷ்டமும் எதிர்ச்சொற்கள் போலத் தெரிந்தாலும் செய்கிற வேலை ஒன்றுதான். கணக்குப் புத்தகத்தை மூடுவது. மூன்றில் ஒரு இடத்தில் மட்டும் புத்தகம் மூடப்படவில்லை. பாஸ்டனில் கீழே நின்றவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்காடினார்கள். பொறுப்பு என்பது தொட்டியை ஆராய்ந்ததால் மட்டும் வெளிப்படவில்லை, விடாமல் கேட்டதால் வெளிப்பட்டது.

பெர்லினில் கேட்க வேண்டியவர்கள் யார்? விடிகாலை 5:43க்கு ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில் விழித்திருப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தரை துடைப்பவர், காலை உணவுக்கு அடுப்பு மூட்டுபவர், ராத்திரி முறை முடியக் காத்திருக்கும் வரவேற்பு மேசைக்காரர், சரக்கு இறக்க வரும் வண்டிக்காரர். எந்த நகரத்து ஓட்டலிலும் இதே ஆட்கள்தான். ஒரு மணி நேரம் கழித்து வரப்போகிற கூட்டத்தை நினைத்துத்தான் 'அதிர்ஷ்டம்' என்ற சொல் பிறந்தது. அந்த நேரத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களை வைத்து அது கணக்கிடப்படவில்லை. அவர்கள் செத்துப்போகவில்லை என்பது உண்மை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது வடிவமைப்புக்கு இல்லை.

செத்தவை மீன்கள். மீனுக்கு வழக்குப் போட வாய் இல்லை. ஜெர்மன் சிவில் சட்டம் 1990இல் ஒரு பிரிவைச் சேர்த்தது: விலங்குகள் பொருட்கள் அல்ல. அடுத்த மூச்சிலேயே சொல்கிறது: வேறு விதி இல்லாத இடத்தில் பொருட்களுக்கான விதிகளே விலங்குகளுக்கும் பொருந்தும். 2002இல் விலங்குப் பாதுகாப்பை அரசியல் சட்டத்திலேயே அரசின் இலக்காக எழுதினார்கள். மறு வருஷம் அக்வாடோம் திறந்தது. சட்டத்தின் முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் நடுவே பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கப் போதுமான இடம் இருந்தது.

மீனுக்காகப் பேசுவதா, தொழிலாளிக்காகப் பேசுவதா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். பணக்கார நாட்டு ஓட்டலில் செத்த அலங்கார மீனுக்கு அழுவது மத்தியதர வர்க்கத்துக் கண்ணீர் என்பார்கள். நான் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ஒரே தொட்டி, ஒரே ஒட்டு. உள்ளே இருப்பதைக் காட்சிப் பொருளாகவும் கீழே இருப்பவரைக் கண்ணுக்குத் தெரியாதவராகவும் ஆக்குவது ஒரே கட்டமைப்பின் இரண்டு வேலைகள். லிஃப்டில் ஏறுகிறவர் கண்ணுக்கு மீன் பட்டது. பாரம் படவில்லை, ஒட்டு படவில்லை, துடைப்பம் பிடித்த ஆள் படவில்லை. கண்ணாடி போல எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று நமக்குச் சொல்லப்படும் இடங்களில்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது: எது தெரியக்கூடாது என்பதற்காக இது தெரிகிறது?

பெர்லினில் தொட்டியைத் திரும்பக் கட்டப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் உலகத்தில் பெரிய தொட்டிகள் இன்னும் நிறைய நிற்கின்றன. அவற்றைப் பற்றி உடைந்த பிறகு எழுதப்படும் அறிக்கைகளை மட்டும் நாம் நம்பிக்கொண்டிருக்க முடியாது. லண்டனில் வளையம் விழுந்ததை முதலில் பார்த்தது ஒரு குமாஸ்தா. பாஸ்டன் தொட்டி ஒழுகுகிறது என்பது வண்ணம் அடித்த கம்பெனிக்கும் தெரியும், குவளையோடு வந்த பிள்ளைகளுக்கும் தெரியும். வித்தியாசம் என்னவென்றால் பிள்ளைகள் அதை மறைக்கவில்லை. பட்டப்பகலில், எல்லார் முன்னாலும், கசிவுக்குக் கீழே குவளையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.